மசெக மீறிய ஒரே ஒரு வாக்குறுதியைக் காட்டுங்கள்

2 ஜனவரி 2024, காலை

மசெக என்றால் மக்கள் செயல் கட்சி, சிங்கப்பூரை 1959-இலிருந்து ஆளும் கட்சி. கேள்வி கேட்ட தம்பிக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். அவர் கேட்டது இது: "கோப்பிக்கடையில் உட்கார்ந்தாலே ஆளாளுக்கு அரசாங்கம் ஏமாற்றிவிட்டது என்கிறீர்கள். மசெக கொடுத்துவிட்டு மீறிய ஒரே ஒரு வாக்குறுதியைக் காட்டுங்கள். புலம்பல் வேண்டாம். என்றைக்குச் சொன்னார்கள், என்ன சொன்னார்கள், என்றைக்கு மீறினார்கள், மூன்றும் வேண்டும்."

நேற்றைய தேதியே போதும் தம்பி. பொருள், சேவை வரி (ஜிஎஸ்டி) நேற்று 8 விழுக்காட்டிலிருந்து 9 ஆகிவிட்டது. 1994 ஏப்ரலில் அது வந்தபோது 3. ஐந்து ஆண்டுக்கு ஏற்றமாட்டோம் என்றார்கள். 2003-இல் 4, 2004-இல் 5, 2007-இல் 7, போன ஆண்டு 8, இப்போது 9. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வந்த வரி, ஓய்வுபெறுவதற்குள் மும்மடங்கு. இதற்குமேல் என்ன தேதி வேண்டும்?

அதே நாள், இரவு

காலையில் எழுதிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தால் மகள் மேசையில் ஒரு கணக்கு எழுதி வைத்திருக்கிறாள். 1994 + 5 = 1999. ஏற்றியது 2003. "அப்பா, ஒன்பது வருஷம் பொறுத்திருக்காங்க. இதுல மீறல் எங்கே?"

இல்லைதான். காலையில் எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

ஆனால் 2015-ஐ விடமாட்டேன். அந்த ஆண்டுத் தேர்தலுக்கு முன் தர்மன் சண்முகரத்னம் நிதியமைச்சர். ஏற்கெனவே எடுத்த வருவாய் நடவடிக்கைகள் அந்தப் பத்தாண்டின் மிச்சத்துக்குப் போதும் என்றார். கோப்பிக்கடையில் நாங்கள் அதை எப்படிக் கேட்டுக்கொண்டோம்? இனி ஜிஎஸ்டி ஏறாது. 2018 பிப்ரவரியில் அப்போதைய நிதியமைச்சர் ஹெங் சுவீ கியட் எழுந்து, 2021-க்கும் 2025-க்கும் இடையில் 2 விழுக்காட்டுப் புள்ளி ஏறும் என்றார். எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சியின் சில்வியா லிம், முன்பு சொன்னது இடித்ததால்தான் உடனே ஏற்றாமல் தள்ளிப்போட்டீர்களோ என்று நாடாளுமன்றத்தில் சந்தேகப்பட்டார். மன்னிப்புக் கேளுங்கள் என்று அமைச்சர்கள் பிடித்துக்கொண்டார்கள். தன் சந்தேகம் சரியில்லாமல் இருக்கலாம் என்றாரே தவிர, மன்னிப்புக் கேட்கவில்லை.

கடைசியில் ஏறியது 2023. தர்மன் சொன்ன பத்தாண்டு 2020-ஓடு முடிந்துவிட்டது. எழுத்துக்கு எழுத்து சரி.

நான் மின்தூக்கி பராமரிப்பில் இருபத்தெட்டு ஆண்டுகளாக இருப்பவன். ஒவ்வொரு மின்தூக்கிக்குள்ளும் இயக்க அனுமதிச் சீட்டு ஒன்று ஒட்டியிருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை சோதித்துப் புதுப்பிக்கவேண்டும், காலாவதி தேதி போட்டிருக்கும். யாரும் படிப்பதில்லை. பெட்டிக்குள் ஏறினால் எல்லோரும் மேலே எண்ணைத்தான் பார்ப்பார்கள்.

4 ஜனவரி

அரசாங்கம் வீட்டுக்கு வீடு தரும் சமூக மேம்பாட்டு மன்றப் பற்றுச்சீட்டு 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நேற்று வந்துவிட்டது. பாதி பேரங்காடிக்கு, பாதி உணவங்காடிக்கும் அக்கம்பக்கத்துக் கடைகளுக்கும். தேக்கா மீன்கடையில் நண்டு வாங்கிக் கைப்பேசியைக் காட்டிக் கட்டிவிட்டேன். திட்டிக்கொண்டே தின்கிறீர்களே என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆமாம். அதுவும் என் வரிதான், நண்டாகத் திரும்பி வந்திருக்கிறது.

9 ஜனவரி

தம்பி, இன்று மூன்றும் தருகிறேன். தேதி, சொன்னது, மீறியது.

டிரேஸ்டுகெதர். கொவிட் நேரத்தில் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டோமே, அந்தச் செயலி. வயதானவர்களுக்குக் கழுத்தில் தொங்கும் சிறு கருவி. 2020 ஜூனில் அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் சொன்னது: அந்தத் தரவு தொற்றுத் தொடர்புகளைக் கண்டறிய மட்டும்தான். மட்டும் என்றால் மட்டும். 2021 ஜனவரி 4 அன்று உள்துறைத் துணையமைச்சர் டெஸ்மண்ட் டான் நாடாளுமன்றத்தில் பதில் சொன்னார்: குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ் காவல்துறை அந்தத் தரவைக் கேட்டுப் பெறமுடியும். ஒரு கொலை வழக்கில் எடுத்திருந்தார்கள் என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது. மறுநாள் விவியன், முதலில் பேசியபோது அந்தச் சட்டம் தன் நினைவுக்கு வரவில்லை என்றார். பிப்ரவரி 2-இல் அவசரமாக ஒரு சட்டம் நிறைவேறியது. ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் எடுக்கலாமாம். இரண்டாவது 'மட்டும்'.

கொலைகாரனைப் பிடிக்க எடுத்தால் என்ன தப்பு என்று கேட்பீர்கள். எனக்கும் அதில் வருத்தமில்லை. வருத்தம் வேறு இடத்தில்.

அம்மா அந்தக் கருவியை வாங்கமாட்டேன் என்று ஒரு மாதம் பிடிவாதமாக இருந்தார். "நான் எங்கே போறேன் வர்றேன்னு கவர்மென்டுக்கு எதுக்கு?" அவரை உட்காரவைத்துப் பேசியது நான். அமைச்சர் சொல்லிவிட்டார் அம்மா, வியாதிக்கு மட்டும்தான், வேறு யாருக்கும் போகாது. என் வாயால் சொன்னேன். சமூக மன்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனதும் நான்தான். சிவதுர்கா கோயிலுக்குப் போகும் பைக்குள் வீட்டுச் சாவியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். ஜனவரியில் தொலைக்காட்சிச் செய்தியைக் கேட்டுவிட்டு என்னிடம் ஒரே வரிதான் கேட்டார்: "போலீசுக்கும் போகுமாமே?"

எனக்கு வாக்குக் கொடுத்தது அமைச்சர். அம்மாவுக்குக் கொடுத்தது நான்.

10 ஜனவரி

விவியன் பொறுப்பைத் தன்மேல் ஏற்றுக்கொண்டதையும் நான் எழுதியிருக்கவேண்டும் என்று ஈசூனிலிருந்து ஒருவர் சொல்கிறார். சரி, எழுதிவிட்டேன். ஏற்றுக்கொண்டார். வெளியே சொல்லாமலே இருந்திருக்கலாம், நாடாளுமன்றத்தில் கேட்டபோது மறைக்காமல் பதில் சொன்னார்கள் என்பதும் உண்மை. அம்மா இன்னமும் கேட்கிறார் என்பதும் உண்மை.

19 ஜனவரி

போக்குவரத்து அமைச்சர் ஈஸ்வரன்மீது நேற்று 27 குற்றச்சாட்டுகள். பதவி விலகிவிட்டார். இதை இங்கே சேர்க்கலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். சேர்க்கவேண்டாம். வழக்கு நடக்கட்டும். அதோடு, ஒரு தமிழர் சிக்கினதும் கோப்பிக்கடையில் நம் ஆட்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டதைப் பார்த்தேன். அது எனக்கு வேறு மாதிரி எரிச்சல். அவர் அமைச்சர், நம் சித்தப்பா இல்லை.

27 ஜனவரி

"பழைமைவாதக் கட்சி, அதனிடம் வேறென்ன எதிர்பார்க்கமுடியும்" என்று ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். மூன்று நாளாக இது மண்டைக்குள் ஓடுகிறது.

1954-இல் தொழிற்சங்கக்காரர்களோடு தொடங்கிய கட்சி இது. 1976 வரை உலக சோஷலிஸ்டுக் கட்சிகளின் அமைப்பில் உறுப்பினர். சொன்னால் இன்று யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் ஆசிரியை சொல்வதும் தப்பில்லை. குடும்பம் முதலில், உதவித்தொகை கடைசியில் என்பதுதான் நாங்கள் வளர்ந்த பாடம். ஆணும் ஆணும் உறவுகொள்வதைக் குற்றமாக்கிய 377ஏ சட்டப்பிரிவை அமல்படுத்தமாட்டோம், ஆனால் எடுக்கவும் மாட்டோம் என்று 2007-இல் சொல்லிப் பதினைந்து ஆண்டு அப்படியே வைத்திருந்து 2022-இல்தான் எடுத்தார்கள்.

பழைமைவாதி என்றால் பழையதைக் காப்பவன் என்று நினைத்திருந்தேன். இவர்கள் ஸ்டாம்ஃபர்ட் சாலை நூலகத்தையே சுரங்கச் சாலைக்காக இடித்தவர்கள். பிள்ளையாக இருந்தபோது சனிக்கிழமைதோறும் நான் போன இடம். இதில் எந்தப் பழைமையைக் காத்தார்கள்?

சூதாட்டக்கூடமும் அப்படித்தான். பல்லாண்டுகளாக வேண்டாம் என்றார்கள். 2005 ஏப்ரலில் சரி என்றார்கள். 2010-இல் இரண்டு திறந்தாகிவிட்டது. ஆனால் அதை ஒளித்துச் செய்யவில்லை. அமைச்சரவைக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது என்பதை ஒத்துக்கொண்டு, மனத்தை மாற்றிக்கொண்டோம் என்று சொல்லித்தான் செய்தார்கள். அதை மீறல் என்று நான் எழுதமாட்டேன். மாறிவிட்டேன் என்று முகத்தைப் பார்த்துச் சொல்பவனோடு சண்டை போடலாம்.

18 பிப்ரவரி

நேற்று முன்தினம் வரவுசெலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் லாரன்ஸ் வோங் போட்ட குண்டு என் வயதுக்காரர்களுக்குத்தான். சம்பளத்திலிருந்து ஓய்வுக்காலத்துக்காகச் சேர்க்கும் மத்திய சேமநிதிதான் சிபிஎஃப். அதில் 55 வயதானவர்களின் சிறப்புக் கணக்கை அடுத்த ஆண்டு முதல் மூடிவிடுவார்கள். அதில் இப்போது வட்டி 4.08 விழுக்காடு. ஓய்வுக்காலக் கணக்குக்குப் போனது போக மிச்சம் சாதாரணக் கணக்குக்கு வரும், அங்கே 2.5.

அடுத்த ஆண்டு எனக்கு 55.

வேலையிடத்தில் ஒரே அமளி. சிறப்புக் கணக்கில் இருக்கும் பணத்தை 55-க்கு முன்பு எதிலாவது முதலீடு செய்துவிட்டுப் பிறகு திருப்பிக் கொண்டுவரும் தந்திரம் ஒன்று இருந்ததாம். மற்றவர்கள் சொல்லித்தான் தெரிகிறது. கதவை மூடிய பிறகு கதவு இருந்ததைக் கண்டுபிடிக்கிறவன் நான்.

மீறல் பட்டியலில் இதைச் சேர்க்க மதியம் வரை எழுதிக்கொண்டிருந்தேன். 55 வயதில் உன் பணம் உனக்கு என்றார்கள். 1984-இல் அமைச்சர் ஹௌ யூன் சோங்கின் அறிக்கை அதை 60 ஆக்கச் சொன்னது. ஊர் கொதித்தது. அந்த டிசம்பர் தேர்தலில் மசெக வாக்கு ஏறத்தாழ 13 புள்ளி சரிந்தது. வயதைத் தொடாமல் விட்டார்கள். 1987-இல் குறைந்தபட்சத் தொகை என்று ஒன்றைக் கொண்டுவந்து 30,000 வெள்ளியை உள்ளேயே வைக்கச் சொன்னார்கள். இன்று அதன் பேரப்பிள்ளைக்குப் பெயர் முழு ஓய்வுக்காலத் தொகை, 205,800 வெள்ளி. வயது 55-தான், மாறவே இல்லை. வாசலை அப்படியே வைத்துக்கொண்டு படிக்கட்டை உயர்த்திக்கொண்டே போகிறார்கள்.

நன்றாகத்தான் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு சந்தேகம் வந்தது. 55 என்று முதலில் சொன்னது யார்? சிபிஎஃப் தொடங்கியது 1955 ஜூலை. மசெக ஆட்சிக்கு வந்தது 1959. ஆக அந்த வாக்கைக் கொடுத்தவன் வெள்ளைக்காரன். தொண்ணூறு வயது வரை இருப்போம் என்று அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அம்மாவுக்கு 81. அவர் மாதந்தோறும் பணம் வாங்குவதைப் பார்க்கும்போது, 55-இல் மொத்தமாகக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அப்பா மொத்தத்தையும் ஊரில் மாடிவீடாகக் கட்டியிருப்பார்.

அரைப் புள்ளிதான் இதற்கு. அதுவும் என் 4.08-க்காகப் போடுகிற அரைப் புள்ளி.

10 மார்ச்

ஒரு வாசகர், "நீங்கள் எந்தத் தொகுதி? அதைச் சொன்னால் உங்கள் பேச்சின் சாயம் தெரிந்துவிடும்" என்கிறார்.

போத்தோங் பாசிர். 1983-இலிருந்து. சாயம் தெரிந்ததா?

எதிர்க்கட்சிக்காரரான சியாம் சீ தோங்கை 1984-இல் உறுப்பினராக்கி 27 ஆண்டு வைத்திருந்த தொகுதி. பள்ளிப் பையனாக இருந்தபோது அவர் எங்கள் புளோக்கின் கீழே மேசை போட்டு உட்கார்ந்திருப்பார், மனு எழுதித் தருவார். அதை விடுங்கள், நான் சொல்லவந்தது மின்தூக்கி.

அந்தக் காலத்துப் புளோக்குகளில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. செலவைக் குறைக்கத்தான். எங்கள் புளோக்கில் 1, 5, 9. வீடு ஏழாவது மாடி. அப்பாவுக்கு அறுபதைத் தாண்டியதும் முட்டி போய்விட்டது. அவர் கண்டுபிடித்த வழி: வீட்டுக்கு வரும்போது ஒன்பதுக்கு ஏறி இரண்டு மாடி இறங்குவார். வெளியே போகும்போது ஏழிலிருந்து ஐந்துக்கு இறங்கி அங்கே மின்தூக்கி பிடிப்பார். பத்தாண்டுக்குமேல் எங்கள் அப்பா ஒரு படிகூட ஏறவில்லை, இறங்கியதோடு சரி. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். பக்கவாதம் வந்த பிறகு இறங்கவும் முடியாமல் போனது. நானும் என் தம்பியும் நாற்காலியோடு தூக்கினோம்.

1997 தேர்தலில் அன்றைய பிரதமர் கோ சோக் தோங் வெளிப்படையாகவே சொன்னார்: மசெகவுக்கு ஆதரவு தரும் பகுதிக்கு மேம்பாட்டில் முன்னுரிமை. 2001-இல் மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் வந்தது, எல்லா மாடியிலும் நிற்கும்படி. 2006 தேர்தலில் எங்கள் தொகுதிக்கு 80 மில்லியன், எதிர்க்கட்சி வசமிருந்த இன்னொரு தொகுதியான ஹவ்காங்கிற்கு 100 மில்லியன் என்று ஆசை காட்டினார்கள். வாங்கிக்கொள்ளவில்லை, மறுபடியும் சியாம்தான். அப்போது நான் தீவின் மற்ற மூலைகளில் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன். பழைய புளோக்கின் வெளிச்சுவரை ஒட்டிப் புதிய தண்டு எழுப்பி, மாடிக்கு மாடி வாசல் உடைத்து, பெட்டியை ஏற்றி, அம்மணி ஒருவர் பூசணிக்காய் உடைத்து முதல் ஆளாக ஏறுவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து அப்பாவைத் தூக்குவேன்.

இவ்வளவையும் எழுதியது தம்பியின் கேள்விக்கு எதிராகத்தான் போகிறது என்று எனக்குத் தெரிகிறது. எங்களுக்கு ஓட்டுப் போடாவிட்டால் கடைசியில்தான் வரும் என்றார்கள். கடைசியில்தான் வந்தது. அவர்கள் மிகத் துல்லியமாகக் காப்பாற்றிய வாக்குறுதி இதுதான்.

எங்கள் மாடியில் மின்தூக்கி நின்றபோது அப்பா இல்லை. அவர் இதற்காக யாரையும் திட்டியதில்லை. ஒவ்வொரு தேர்தலிலும் சியாமுக்குத்தான் போட்டார், ஒவ்வொரு முறையும் ஒன்பதிலிருந்து இறங்கினார்.

11 மார்ச்

நேற்று எழுதியதில் நியாயமில்லாமல் ஓர் இடம். திட்டத்தையே கெட்டதாக்கிவிட்டேன். சுமார் 5,000 புளோக்குகளில் செய்து முடித்தார்கள். செலவில் பெரும்பங்கு அரசாங்கத்தினுடையது, வீட்டுக்கு அதிகபட்சம் 3,000 வெள்ளிதான் கேட்டார்கள். புளோக்கில் 75 விழுக்காட்டினர் சம்மதிக்கவேண்டும். கீழ்மாடிக்காரர் எனக்கெதற்கு என்று முறுக்கிக்கொண்டதையும் பார்த்திருக்கிறேன். வேறு எந்த ஊரிலும் பழைய வாடகைக் கட்டடங்களுக்கு இந்த அளவுக்குச் செய்திருப்பார்களா தெரியாது.

சுமார் 150 புளோக்குகள் மட்டும் மிச்சம். வீட்டுக்கு 30,000 வெள்ளிக்குமேல் ஆனால் செய்வதில்லை என்று வரம்பு. அங்கே வேலைக்குப் போகும்போது படிக்கட்டில் கிழவர்கள் ஒவ்வொரு மாடியாக உட்கார்ந்து போவதைப் பார்ப்பேன். அவர்களுக்கு என் அப்பாவின் தந்திரம் தெரிந்திருக்குமா என்று ஒருமுறை கேட்டேவிட்டேன். "தெரியும், எனக்கு இரண்டு மாடி இறங்கினாலும் முட்டி வலிக்கும்" என்றார் ஒரு சீனத் தாத்தா.

'வாடகைக் கட்டடம்' என்று மேலே எழுதியிருக்கிறேன். சொந்த வீடு என்று எழுதியிருக்கவேண்டும். கை தானாகப் போட்டுவிட்டது.

16 மே

நேற்று அதிபர் மாளிகையான இஸ்தானாவில் லாரன்ஸ் வோங் பிரதமராகிவிட்டார். அம்மா முழுதாகப் பார்த்தார். எனக்கு அவரைப் பார்க்கும்போதெல்லாம் 2017 மார்ச்தான் நினைவுக்கு வரும்.

அப்போது அவர் தேசிய வளர்ச்சி அமைச்சர். பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளை ஒரு மில்லியன் வெள்ளிக்கு நெருக்கமாகக் கொடுத்து வாங்க ஆரம்பித்திருந்தார்கள், என்றைக்காவது செர்ஸ் திட்டத்தில் அரசாங்கம் எடுத்துக்கொண்டு புது வீடு தரும் என்ற நம்பிக்கையில். அவர் எழுதிவிட்டார்: எல்லா வீட்டுக்கும் அது கிடைக்காது, 1995-இலிருந்து இதுவரை 4 விழுக்காட்டு வீடுகளுக்குத்தான் கிடைத்திருக்கிறது, 99 ஆண்டுக் குத்தகை முடிந்தால் வீடு திரும்பப் போய்விடும். அந்த ஜூனிலேயே கேலாங் லோரோங் 3-இல் 191 தரைவீடுகளின் 60 ஆண்டுக் குத்தகை 2020 இறுதியோடு முடியும், இழப்பீடு இல்லை என்று அறிவிப்பு வந்தது. அவை வீவக வீடுகள் அல்ல, தனியார் வீடுகள். ஆனாலும் எங்கள் புளோக்கில் எல்லோரும் அலமாரியைத் திறந்து பத்திரத்தைத் தேடினார்கள்.

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. 99 என்பது முதல் நாளிலிருந்தே தாளில் இருக்கிறது. என் கோபம் அதற்கு முன்னால் போன இருபது ஆண்டுகள்மீது. சொத்து, சொத்து மதிப்பு, உங்கள் வீட்டை மேம்படுத்தினால் விலை ஏறும் என்று தேர்தலுக்குத் தேர்தல் பேசியதெல்லாம் இந்தக் குத்தகை வீட்டைப் பற்றித்தானே? விலை ஏறும் என்று சொன்ன வாய், ஒருநாள் சுழியாகும் என்பதை அதே சத்தத்தில் ஏன் சொல்லவில்லை? 2018-இல் அன்றைய பிரதமர் லீ சியன் லூங் வெர்ஸ் என்று இன்னொன்றை அறிவித்தார். வீட்டுக்கு எழுபது வயது ஆகும்போது, குடியிருப்போர் வாக்களித்தால் எடுத்துக்கொள்வார்கள், செர்ஸ் அளவுக்குத் தாராளமாக இருக்காது, தொடங்கவே இருபது ஆண்டு ஆகும். என் வயதுக்கு அது பேரப்பிள்ளைக்குச் சொல்லும் கதை.

செர்ஸ் கிடைத்தவர்களும் எல்லோரும் சிரிக்கவில்லை. 2022-இல் அங் மோ கியோவில் நான்கு புளோக்கை எடுத்தபோது, அதே அளவு புது வீட்டுக்குக் கையிலிருந்து பணம் போடவேண்டியிருக்கும் என்று மூத்தவர்கள் அழுதார்கள். பிறகு 50 ஆண்டுக் குத்தகையில் மாற்றுவீடு எடுக்கலாம் என்று வழி செய்தார்கள்.

அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. சாகும்வரை 'சொந்த வீடு' என்றே சொன்னார். கம்போங்கில் நில உரிமையாளருக்குப் பயந்து வாழ்ந்தவர். யாரும் வந்து எழுந்திரு என்று சொல்லமுடியாத வீடு அவருக்கு. அவரை யாரும் திருத்தவில்லை. நானும்தான்.

2 ஜூன்

1999-க்குள் சுவிட்சர்லாந்து வாழ்க்கைத்தரம் என்ற வாக்குறுதி என்னவாயிற்று என்று கேள்வி. 1984 வாக்கில் கோ சோக் தோங் சொன்னது. இந்தக் காலத்துச் சுவிட்சர்லாந்து அல்ல, 1984-இல் அவர்கள் இருந்த நிலைக்கு நாம் 1999-இல் வருவது. பார்த்தீர்களா, இதற்குள்ளும் ஒரு காலாவதி தேதி. விலைவாசியில் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டோம். ரயில் நின்றுபோகும் நாட்களில் மட்டும் நாம் சுவிட்சர்லாந்து இல்லை.

4 அக்டோபர்

ஈஸ்வரனுக்கு நேற்று 12 மாதச் சிறை. அன்று சேர்க்கவேண்டாம் என்றேன், இன்றும் சேர்க்கவில்லை. தன் அமைச்சரையே உள்ளே போட்டது வாக்குறுதியைக் காப்பாற்றியதாகும் என்று ஒருவர் எதிர்ப்பக்கப் பட்டியலில் சேர்க்கச் சொல்கிறார். சேர்த்துக்கொள்ளுங்கள், ஆட்சேபம் இல்லை.

5 மே 2025

தேர்தல் முடிந்தது. மசெக 65.57 விழுக்காடு, 97 இடத்தில் 87. கேள்வி கேட்ட தம்பி மறுபடி வந்திருக்கிறார்: "ஒன்றரை ஆண்டு பட்டியல் போட்டீர்கள் அண்ணே. மக்கள் படிக்கவில்லை போலிருக்கிறது."

படித்திருந்தாலும் இப்படித்தான் வந்திருக்கும். என் பட்டியலைத் திருப்பிப் பார்த்தேன். ஜிஎஸ்டி: மீறல் இல்லை. சூதாட்டக்கூடம்: மனமாற்றம். சிபிஎஃப்: அரை, அதுவும் சுயநல அரை. மின்தூக்கி: காப்பாற்றினார்கள், அடக் கடவுளே. வீடு: தாளில் இருந்தது. முழுப் புள்ளி டிரேஸ்டுகெதர் ஒன்றுதான், அதிலும் ஏமாற்றும் எண்ணம் இருந்ததென்று என்னால் நிரூபிக்கமுடியாது. கேட்டது ஒன்றே ஒன்று, கொடுத்துவிட்டேன். ஆனாலும் தோற்றதுபோல இருக்கிறது.

நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்காதீர்கள். அம்மா போட்டது மட்டும் தெரியும், ஏனென்றால் வாக்குச்சாவடிக்கு வெளியே வந்து சத்தமாகச் சொல்லிவிட்டார். "பேரன் மாதிரி இருக்கான், நல்லாப் பேசறான்." வோங்கின் கட்சிக்குத்தான். டிரேஸ்டுகெதர் நினைவிருக்கிறதா அம்மா என்றேன். "அதுக்கு இவன் என்ன பண்ணுவான்? நீதானே என்னை இழுத்துக்கிட்டுப் போனே?"

11 மே

அம்மாவின் கடப்பிதழைப் புதுப்பிக்கப் பழைய இரும்புப் பெட்டியைத் திறந்தோம். அடியில் வீட்டுக் குத்தகைப் பத்திரம். கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் அப்பாவின் பென்சில் எழுத்து, மங்கிப்போய்: 1983 + 99 = 2082. அடியில் இரண்டு கோடு.

ஆக, போன ஆண்டு மே 16-இல் நான் எழுதியது தவறு. அவருக்குத் தெரிந்திருக்கிறது. வீட்டுச் சாவி வாங்கிய காலத்திலேயே கூட்டிப் பார்த்திருக்கிறார். கூட்டிவிட்டு 'சொந்த வீடு' என்று சொல்லியிருக்கிறார். 'அவரை யாரும் திருத்தவில்லை' என்ற வரியை அடித்துவிட்டுப் படியுங்கள்.

அதே நாள், இரவு

இன்னொரு திருத்தம். பத்திரத்தை உட்கார்ந்து முழுதாகப் படித்தேன். குத்தகை தொடங்கும் தேதி நாங்கள் குடிவந்த நாள் அல்ல, அதற்கு முந்தைய ஆண்டு, 1982 டிசம்பர். ஆகவே 2081. அப்பா கூட்டலில் ஓர் ஆண்டு அதிகம்.

அம்மாவிடம் சொன்னேன். நம்பவில்லை. "ஒரு வருஷம் அதிகமாப் போட்டிருக்காரா? பஸ்ஸுக்கே ஒரு மணி நேரம் முன்னாடி போய் நிக்கிற மனுஷன்" என்றார்.